வட்டு பறக்கும் திடல்கள்: கலிஃபோர்னியாவில் நான்கு காற்றுப் பாடங்கள்

இந்த வாரப் பாடத்தை ஒரு கேள்வியோடு தொடங்குவோம். ஃபிரிஸ்பீ போன்ற ஒரு வட்டைத் தொலைவில் உள்ள கூடைக்குள் போட வேண்டும். காற்று உங்கள் முகத்தில் அடிக்கிறது. உங்கள் நண்பர் எதிர்முனையில் நின்று, காற்று தம் முதுகில் படும்படி அதே மாதிரி வட்டை எறிகிறார். யாருடைய வட்டு மேலே எழும்? யாருடைய வட்டு சீக்கிரம் தரையைத் தொடும்?

எதிர்காற்று வட்டை அமுக்கும், பின்காற்று தூக்கிச் செல்லும் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். விடையை இப்போதே சொல்லப் போவதில்லை. கட்டுரையைப் படித்து முடிப்பதற்குள் நீங்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

வட்டு கோல்ஃப் என்றால் என்ன?

கோல்ஃபில் பந்தும் மட்டையும் குழியும் உண்டு. வட்டு கோல்ஃபில் பிளாஸ்டிக் வட்டும் உங்கள் கையும் சங்கிலிக் கூடையும் போதும். எறிமேடையில் நின்று முதல் எறிதலைத் தொடங்குவீர்கள். வட்டு விழுந்த இடத்திலிருந்து அடுத்த எறிதல். கூடைக்குள் வட்டைச் சேர்க்க எத்தனை எறிதல்கள் ஆயின என்பதே கணக்கு. குறைவாக எறிந்தவர் வெற்றியாளர். ஒரு திடலில் பொதுவாக 9 அல்லது 18 கூடைகள் இருக்கும்.

போட்டிகளில் பயன்படும் வட்டு நாம் கடற்கரையில் வீசும் ஃபிரிஸ்பீயை விடச் சிறியது, கனமானது. குறைந்தது 21 சென்டிமீட்டர் விட்டம் இருக்க வேண்டும். பல வட்டுகளின் எடை 175 கிராம் அளவில் இருக்கும். அந்த எடையில் பெரும்பகுதி நடுவில் இல்லை, தடித்த விளிம்பில் இருக்கிறது. காரணம் விரைவில் விளங்கும்.

வட்டு ஏன் பறக்கிறது, ஏன் வளைகிறது?

பறக்கும் வட்டில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலாவது, தூக்குவிசை. சற்றே முன்பக்கம் உயர்ந்த நிலையில் செல்லும் வட்டு, காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று வட்டை மேல்நோக்கித் தள்ளுகிறது. வட்டு செல்லும் பாதைக்கும் அதன் தளத்துக்கும் இடையே உள்ள கோணத்தைத் தாக்குகோணம் என்பார்கள். இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள். சாண்டா குரூஸ் மலைக்குப் போகும்போது தேவைப்படும்.

இரண்டாவது, சுழற்சி. பம்பரத்தை எண்ணிப் பாருங்கள். சுழலாத பம்பரம் உடனே விழும். சுழலும் பம்பரம் சாய்ந்தாலும் விழாமல் வட்டமடிக்கும். எடை விளிம்பில் இருந்தால் சுழற்சியை மாற்றுவது இன்னும் கடினம். அதனால்தான் வட்டின் விளிம்பைத் தடிமனாகச் செய்கிறார்கள்.

சுழலும் பொருளுக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. அதை ஒரு திசையில் சாய்க்க முயன்றால், அது 90 பாகை தள்ளி வேறொரு திசையில் சாயும். வலக்கைப் பழக்கமுள்ளவர் கையை மார்புக்குக் குறுக்கே மடித்து வீசினால், மேலிருந்து பார்க்கும்போது வட்டு கடிகார முள் திசையில் சுழலும். வட்டு வேகம் இழக்கும்போது காற்று அதன் முன்விளிம்பை மேலே தள்ளும். ஆனால் முன்பக்கம் எழுவதற்குப் பதில் வட்டு இடப்பக்கம் சாயும். சாய்ந்த பக்கமே வளைந்து இறங்கும். மிக வேகமாகச் செல்லும்போது முன்விளிம்பு கீழே அமுக்கப்பட்டு, பல வட்டுகள் முதலில் சற்று வலப்பக்கம் சாயும். ஆக, முதலில் வலம், பிறகு இடம் என்று நீண்ட வளைவு கிடைக்கிறது. இடக்கைப் பழக்கமுள்ளவர் இதே முறையில் வீசினால் எல்லாம் தலைகீழ்.

இனி இந்த விதிகளை வெளியில் பார்ப்போம். வட்டு கோல்ஃப் வேரூன்றிய அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட திடல்கள் உள்ளன. அவற்றில் நான்கை, அவை கற்றுத்தரும் பாடத்தின் வரிசையில், உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

முதல் திடல்: ஓக் குரோவ் — சுழற்சிப் பாடம்

லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு அருகே, பாசடீனா பக்கம், ஓக் மரங்கள் நிறைந்த ஒரு பூங்கா இருக்கிறது. 1975-இல் உலகின் முதல் நிரந்தர வட்டு கோல்ஃப் திடல் இங்கேதான் அமைந்தது. அமைத்தவர் எட் ஹெட்ரிக். ஃபிரிஸ்பீ தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் பணியாற்றியவர். வட்டின் மேற்பரப்பில் மெல்லிய வளையக் கோடுகளைச் சேர்த்து அதன் பறத்தலை நிலைப்படுத்திய வடிவமைப்புக்கு 1967-இல் காப்புரிமை பெற்றவரும் அவரே.

தொடக்கத்தில் இங்கே இலக்காக வெறும் கம்பங்களே இருந்தன. வட்டு கம்பத்தைத் தொட்டதா இல்லையா என்று அடிக்கடி வாக்குவாதம் எழுந்தது. அதற்கு ஹெட்ரிக் கண்ட தீர்வுதான் சங்கிலிக் கூடை. அதற்கு 1977-இல் காப்புரிமை கிடைத்தது. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் 175 கிராம் வட்டின் இயக்க ஆற்றலைக் கணக்கிடுங்கள்: 0.5 × 0.175 × 10 × 10 = 8.75 ஜூல். கெட்டியான கம்பத்தில் மோதினால் வட்டு அந்த ஆற்றலில் பெரும்பகுதியோடு எகிறித் திரும்பும். தளர்வாகத் தொங்கும் சங்கிலிகளோ ஆடியும் உரசியும் ஆற்றலை வாங்கிக்கொள்கின்றன. வட்டு கூடைக்குள் விழுகிறது.

இத்திடலுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. செவ்வாய்க்கு ஊர்திகளை அனுப்பிய நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடம் இந்தப் பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு பக்கம் விண்கலம், மறுபக்கம் வட்டு. இரண்டும் ஒரே நியூட்டன் விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. மரங்களைச் சுற்றி வளைந்து செல்லும் எறிதலைப் பழக விரும்புவோர் இங்கிருந்து தொடங்கலாம்.

இரண்டாம் திடல்: கோல்டன் கேட் பூங்கா — காற்றுப் பாடம்

வடக்கே சான் ஃபிரான்சிஸ்கோ. பசிபிக் கடற்கரை வரை நீண்டு கிடக்கும் கோல்டன் கேட் பூங்கா, ஒரு காலத்தில் மணல்மேடாக இருந்த நிலத்தில் மரம் நட்டு உருவாக்கியது. அங்கே மரங்களுக்கு இடையே 18 கூடைகள் கொண்ட திடல் உள்ளது. மேற்கிலிருந்து கடற்காற்று வீசும். கோடையில்கூட மூடுபனி வரும்.

நம் தொடக்கக் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. தூக்குவிசை, வட்டு தரையைப் பொறுத்துச் செல்லும் வேகத்தைப் பார்ப்பதில்லை. காற்றைப் பொறுத்துச் செல்லும் வேகத்தைத்தான் பார்க்கிறது. அந்த வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் தூக்குவிசை மாறும்.

உங்கள் எறிவேகம் வினாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்று வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசுகிறது.

எதிர்காற்றில்: 25 + 5 = 30. (30 ÷ 25) × (30 ÷ 25) = 1.44. தூக்குவிசை 44 விழுக்காடு கூடுகிறது.

பின்காற்றில்: 25 − 5 = 20. (20 ÷ 25) × (20 ÷ 25) = 0.64. தூக்குவிசை 36 விழுக்காடு குறைகிறது.

ஆகவே எதிர்காற்றில் வட்டு மேலே எழும். வேகமான வட்டு போல நடந்துகொள்வதால் வலப்பக்கமும் கூடுதலாகச் சாயும். பின்காற்றிலோ அது முன்கூட்டியே இறங்கும். உங்கள் ஊகம் சரியா?

“அப்படியானால் பின்காற்றில் தூரமே கிடைக்காதா, ஆசிரியரே?” என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. 2016-இல் அமெரிக்க வீரர் டேவிட் விகின்ஸ் ஜூனியர் நெவாடா பாலைவனத்தில் 338 மீட்டர் எறிந்து உலகச் சாதனை படைத்தார். அந்த எறிதலுக்குப் பின்காற்று உதவியது. மிக உயரமாக எறிந்தால் வட்டு நீண்ட நேரம் காற்றில் இருக்கும். அவ்வளவு நேரமும் காற்று அதைச் சுமந்து செல்லும். குறைந்த தூக்குவிசையை உயரம் ஈடுகட்டிவிடுகிறது. தாழ்வாக எறிபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இந்தப் பூங்காவில் இன்னொன்றையும் கவனிக்கலாம். மரங்களுக்குக் கீழே காற்று அடங்கியிருக்கும், மர உச்சிக்கு மேலே வலுவாக வீசும். எறிமேடையில் இலை அசையவில்லை என்பதற்காகக் காற்றே இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. மரக்கிளைகளின் உச்சியைப் பாருங்கள்.

மூன்றாம் திடல்: டெலாவியாகா — சரிவுப் பாடம்

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டரில் சாண்டா குரூஸ் நகர். அங்கே மலைச்சரிவிலும் பள்ளங்களிலும் அமைந்த டெலாவியாகா திடல், உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்கள் அறிந்த பெயர். அதன் 27-ஆம் கூடைக்கு ‘உலகத்தின் உச்சி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எறிமேடையில் நின்றால் தூரத்தில் மான்டரே விரிகுடா தெரியும். கூடை கீழே சரிவில் இருக்கும்.

இங்கே புதியவர்கள் ஏன் தடுமாறுகிறார்கள்? தாக்குகோணத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதை அளப்பது வட்டு செல்லும் பாதையை வைத்து, தொடுவானத்தை வைத்து அல்ல. கீழ்நோக்கி 10 பாகை சரிவில் எறியும்போது வட்டைத் தொடுவானத்துக்கு இணையாகப் பிடித்தால், பார்வைக்கு அது சமமாகத் தோன்றும். ஆனால் பாதைக்கும் வட்டுக்கும் இடையே 10 பாகை கோணம் உருவாகிவிட்டது. இழுவை கூடும், வட்டு வேகம் இழந்து இடப்பக்கம் சரியும். வட்டையும் சரிவுக்கு இணையாகச் சாய்த்துப் பிடிப்பதே தீர்வு. மேல்நோக்கி எறியும்போதும் இதே விதிதான்: வட்டின் முன்பக்கத்தைச் சரிவுக்கு ஏற்ப உயர்த்த வேண்டும்.

கண் சொல்வதை மட்டும் நம்பாமல் எதை வைத்து அளக்கிறோம் என்று கேட்பது அறிவியலின் அடிப்படைப் பழக்கம். அதை இந்தச் சரிவு நன்றாகவே கற்றுத்தருகிறது.

நான்காம் திடல்: பிஜூ பூங்கா — உயரப் பாடம்

கிழக்கே மலைத்தொடரில் தாஹோ ஏரி. அதன் நீர்மட்டமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம். நம் கேமரன் மலையின் தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர்தான். ஏரியின் தென்கரை ஊரில் உள்ள பிஜூ பூங்காவில் பைன் மரங்களுக்கு இடையே 27 கூடைகள் கொண்ட திடல் இருக்கிறது.

கடல் மட்டத்தில், 15 பாகை செல்சியஸில், ஒரு கன மீட்டர் காற்றின் நிறை 1.225 கிலோகிராம். 1,900 மீட்டர் உயரத்தில் அது ஏறத்தாழ 1.02 கிலோகிராம். கிட்டத்தட்ட 17 விழுக்காடு குறைவு. தூக்குவிசை காற்றின் அடர்த்திக்கும் நேர்விகிதம் என்பதால், அதே வேகத்தில் எறிந்தால் தூக்குவிசையும் அதே அளவு குறையும். அதை ஈடுகட்ட ஏறத்தாழ 10 விழுக்காடு வேகமாக எறிய வேண்டும். கடற்கரையில் வலப்பக்கம் சாய்ந்து நேராகச் சென்ற வட்டு, இங்கே அவ்வளவு சாயாமல் விரைவில் இடப்பக்கம் இறங்கும். அதனால் மலைத்திடலுக்கு வருவோர் எளிதில் வலப்பக்கம் சாயக்கூடிய வட்டுகளை எடுத்துச் செல்வார்கள்.

நம் ஊரில் என்ன நடக்கும்? 32 பாகை வெப்பத்தில் காற்றின் அடர்த்தி 1.15 அளவில் இருக்கும். ஈரப்பதம் காற்றைக் கனமாக்கும் என்று பலர் நினைப்பது தவறு. நீராவி மூலக்கூறு நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளை விட இலேசானது. ஆகவே ஈரக்காற்று, அதே வெப்பத்திலும் அழுத்தத்திலும் உள்ள உலர்ந்த காற்றை விடச் சற்றே இலேசாக இருக்கும்.

முதலில் எங்கே போவது?

எதிர்காலத்தில் படிப்புக்கோ பயணத்துக்கோ கலிஃபோர்னியா செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், ஒரே ஒரு திடலுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், கோல்டன் கேட் பூங்காவைத் தேர்ந்தெடுங்கள். நகருக்குள்ளேயே இருக்கிறது, காற்றுப் பாடம் உடனே கிடைக்கும். மலையேறும் தெம்பு இருந்தால் டெலாவியாகா. தாஹோவுக்குக் கோடையில் போங்கள், குளிர்காலத்தில் பனி மூடிவிடும். எங்கே போவதாக இருந்தாலும் திடல் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவரை உங்கள் பள்ளித் திடலே ஆய்வுக்கூடம்.

செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரு ஃபிரிஸ்பீ, அளவு நாடா, ஒரு துண்டு ரிப்பன், குறிப்பேடு.

1. ரிப்பனைக் குச்சியில் கட்டிக் காற்றின் திசையைக் கண்டறியுங்கள்.
2. ஒரே ஆள், ஒரே வட்டு, ஒரே உயரம். எதிர்காற்றில் 10 முறை, பின்காற்றில் 10 முறை எறியுங்கள்.
3. ஒவ்வொரு முறையும் தூரத்தையும், வட்டு எப்பக்கம் சாய்ந்தது என்பதையும் எழுதுங்கள்.
4. சராசரி எடுங்கள். ஒரே ஓர் எறிதலை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் கையின் வேகம் ஒவ்வொரு முறையும் மாறும்.

எச்சரிக்கை: வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் செல்லும் 175 கிராம் வட்டின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 55 ஜூல். பார்த்தீர்களா, சங்கிலியில் பட்ட வட்டை விட ஆறு மடங்குக்கு மேல்! எறியும் திசையில் ஆள் இருந்தால் எறியவே கூடாது. ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யுங்கள்.

சிந்திக்க

1. எதிர்காற்றின் வேகம் வினாடிக்கு 5 மீட்டரிலிருந்து 10 மீட்டராக உயர்ந்தால், வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் எறிந்த வட்டின் தூக்குவிசை, காற்றில்லா நிலையைப் போல் எத்தனை மடங்கு?
2. நிலாவில் காற்று கிடையாது. அங்கே ஃபிரிஸ்பீ எப்படிச் செல்லும்?

விடைகள்: 1. (35 ÷ 25) × (35 ÷ 25) = 1.96, ஏறத்தாழ இரு மடங்கு. 2. தூக்குவிசையும் இழுவையும் இல்லாததால், வீசிய கல்லைப் போலவே வளைகோட்டுப் பாதையில் சென்று விழும். சுழற்சி இருந்தாலும் இடமோ வலமோ வளையாது.