கறுப்பும் வெள்ளையும் கலந்தால் விமானச் சாம்பல் வந்துவிடுமா?

போர் விமானம் வரையப் பழகுகிறவர்கள் இறக்கையையும் மூக்கையும் அச்சுப்பிசகாமல் கோட்டில் கொண்டுவந்துவிடுகிறார்கள். வண்ணம் ஏறியதும்தான் அது சிமென்டில் வார்த்த பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது. கையில் குறையில்லை. சாம்பல் நிறத்தைப் பற்றிக் கேள்வி கேட்காமல் நம்பிவந்த சில விஷயங்கள்தான் காரணம்.

நம்பிக்கை: கறுப்பில் வெள்ளையைக் கலந்தால் சாம்பல்.

வரும், மறுக்கவில்லை. எந்தச் சாம்பல் என்பதுதான் கேள்வி. ஐவரி பிளாக்கில் டைட்டானியம் ஒயிட்டைச் சேர்த்தால் நீலம் ஓடிய குளிர்ந்த சாம்பல் கிடைக்கும். மார்ஸ் பிளாக்கில் சேர்த்தால் கொஞ்சம் பழுப்புப் பக்கம் சாயும். இதில் ஏதாவது ஒன்றையே விமானம் முழுக்கப் பூசினால் வெயில் படும் பக்கமும் நிழல் பக்கமும் ஒரே மாதிரி உயிரற்றுப்போகும். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்து பாருங்கள். கிட்டத்தட்டக் கறுப்பே வந்துவிடும். அதில் வெள்ளையைச் சேர்த்துக்கொண்டு, நிழலுக்கு நீலத்தையும் வெயிலுக்குச் சியன்னாவையும் ஒரு துளி கூட்டினால் போதும், இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

இதைக் கேட்டுவிட்டுக் கறுப்பு டியூபைத் தொடவே கூடாது என்று சத்தியம் செய்பவர்களும் இருக்கிறார்கள். அது இன்னொரு மூடநம்பிக்கை. 1941 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானப்படை, பகல்நேரப் போர் விமானங்களின் மேற்புறத்தில் இருந்த பழுப்பை எடுத்துவிட்டுச் சாம்பலைக் கொண்டுவந்தது. அதற்கான ஓஷன் கிரே எல்லாருக்கும் உடனே கிடைக்கவில்லை. இடைக்கால ஏற்பாடாக, ஏழு பங்கு மீடியம் சீ கிரேயில் ஒரு பங்கு ‘நைட்’ என்ற கறுப்பைக் கலந்து பூசிக்கொள்ளச் சொன்னார்கள். ஸ்பிட்ஃபயரே கறுப்பு கலந்த சாம்பலில் பறந்திருக்கிறது. நாம் எதற்குப் பயப்பட வேண்டும்?

நம்பிக்கை: எண் பார்த்து வாங்கிய வண்ணம் தப்பாது.

அமெரிக்க அரசு 1956இல் வெளியிட்ட ஃபெடரல் ஸ்டாண்டர்ட் 595 என்ற வண்ண வரிசைப்படி எஃப்-16இன் சாம்பல்கள் மூன்று: 36118, 36270, 36375. முதலில் வரும் 3 பளபளப்பற்றது என்பதற்கு, அடுத்த 6 சாம்பல் வகை என்பதற்கு. கடைசி மூன்று இலக்கம் ஏற ஏற நிறம் வெளிறும். எல்லாம் சரி. ஆனால் அந்த எண் சொல்வது விமானத்தின் மேல் பூசிய பெயின்டை மட்டும். நாம் வரைவது அந்தப் பெயின்ட் மேல் விழுந்து திரும்பும் வெளிச்சத்தை. பாலைவனத்துக்கு மேல் தாழப் பறந்தால் வயிற்றில் மணல் நிறம் ஏறும். கடலுக்கு மேல் என்றால் அதே வயிறு நீலப்பச்சை காட்டும். தூரம் கூடக் கூட, இடையில் இருக்கும் காற்று நிழல்களை வெளிறச் செய்து நீலமாக்கும்.

போதாக்குறைக்குப் பக்கத்து நிறமும் கண்ணை ஏமாற்றும். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839இல் வெளியிட்ட நூல் முழுக்க இந்த விவகாரம்தான். எந்தச் சாயலும் இல்லாத சாம்பலை ஆரஞ்சு நிற அந்தி வானத்தின் நடுவே வைத்தால் நீலமாகத் தெரியும். அதனால் வானத்தை முதலில் பூசிவிடுங்கள். விமானச் சாம்பலை அதற்குப் பக்கத்தில் தொட்டுவைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். தூரத்து விமானம் என்றால் அந்த வான நிறத்திலேயே கொஞ்சம் எடுத்துச் சாம்பலில் கலந்துவிடலாம்.

நம்பிக்கை: பழைய புகைப்படம் பொய் சொல்லாது.

சொல்லும். சிவப்பை உணராத ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமில் எடுத்த படங்களில், பிரிட்டிஷ் விமானத்தின் வட்டச் சின்னத்தைச் சுற்றியுள்ள மஞ்சள் வளையம் கறுத்துப்போயிருக்கும், நீலம் வெளிறியிருக்கும். அந்தப் படத்தை வைத்துச் சாம்பலின் அடர்த்தியை அளப்பது வீண் வேலை.

நம்பிக்கை: வர்ணம் பூசாத உலோக விமானத்துக்கு வெள்ளி பெயின்ட்.

வேண்டவே வேண்டாம். பி-29 போன்ற அலுமினிய விமானத்தின் முதுகில் வானமும் வயிற்றில் தரையும் தெரியும். அவற்றை வரையுங்கள், உலோகம் தானாக வந்துவிடும்.

அக்ரிலிக் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று. ஈரத்தில் பார்க்கும் சாம்பல் காய்ந்ததும் ஒரு படி கறுக்கும். அதனால் ஒரு துண்டுக் காகிதத்தில் தீற்றிக் காயவைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கடைசியாக, சீரான பூச்சு என்ற ஆசை. விமானந்தாங்கிக் கப்பலில் உப்புக்காற்று படும் ஜெட்களில் அரிப்பைத் தடுக்க அங்கங்கே புதுப் பெயின்டைத் தொட்டுவைப்பார்கள். உடம்பெல்லாம் திட்டுத்திட்டாக நாலைந்து சாம்பல் தெரியும். அப்படிப்பட்ட விமானத்தை ஒரே சாம்பலில் வழுவழுவென்று முடித்தால், அது தொழிற்சாலையை விட்டு இன்னும் வெளியே வராத விமானம்.