அணுவாயுதமும் குடிமக்கள் கடமையும்

திருவண்ணாமலை உச்சியில் கார்த்திகைத் திங்களில் ஏற்றப்பெறும் தீபத்தை அறியாதார் இலர். அம்மலையைப் பற்றிப் பழங்கதை ஒன்று வழங்குகின்றது. நான்முகனும் திருமாலும் தம்முள் யார் பெரியர் என மாறுபட்டபொழுது, அவர்கள்முன் தழற்பிழம்பு ஒன்று தோன்றியது. அதன் அடியைத் தேடித் திருமால் நிலத்தை அகழ்ந்து சென்றார். முடியைத் தேடி நான்முகன் விண்ணிற் பறந்து சென்றார். இருவரும் கண்டிலர். திருமால் அதனை உள்ளவாறே உரைத்தார். நான்முகனோ தாழம்பூவைப் பொய்ச்சான்றாகக் கொணர்ந்து, 'முடியைக் கண்டேன்' என்றார், அதனாற் பழியுற்றார். தெரியாததைத் தெரியாது என்று கூறுதலே அறிவுடைமை என்பது இக்கதையால் விளங்கும்.

இக்கதை எனக்கும் ஒருநாள் பாடமாக வாய்த்தது. 1998 ஆம் ஆண்டு மே 11, 13 ஆகிய நாள்களில், இராஜஸ்தான் பாலைநிலத்துப் பொக்ரானில் நம் நாடு ஐந்து அணுவெடிச் சோதனைகளை நிகழ்த்தியது. கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறந்ததும், 'நம் நாட்டிற்கு அணுவாயுதம் வேண்டுமா, வேண்டாவா?' என்னும் பொருள்பற்றி என் மாணவர்கள் சொற்போர் நிகழ்த்தினர். ஒரு சாரார் வீரம் பேசினர். மற்றொரு சாரார் இரக்கம் பேசினர். கையொலி வகுப்பை நிறைத்தது. ஈற்றில், கடைசி இருக்கையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, 1974 ஆம் ஆண்டிலும் பொக்ரானில் வெடித்தார்கள் அல்லவா? அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?" என்று வினவினான். நடுவராக அமர்ந்திருந்த எனக்கு விடை தெரியவில்லை. ஏதேனும் கூறி மழுப்பியிருக்கலாம். தாழம்பூவின் நினைவு தடுத்தது. "தம்பி, எனக்குத் தெரியாது, படித்து வந்து கூறுகின்றேன்" என்றேன். தீர்ப்பின்றியே அவை கலைந்தது.

நூலகத்தில் யான் படித்தறிந்தவற்றைச் சுருங்கக் கூறுவேன். 1945 ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 இல் ஹிரோஷிமாவிலும், 9 இல் நாகசாகியிலும் அமெரிக்கா அணுகுண்டு வீசியது. ஹிரோஷிமாவில் மட்டும் அவ்வாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ 1,40,000 மக்கள் மாண்டனர். அக்கொடுமையை உணர்ந்த நேரு, 1954 ஆம் ஆண்டிலேயே அணுவெடிச் சோதனைகளை நிறுத்திவைக்குமாறு உலகை வேண்டினார். நம் இராஜாஜி 1962 ஆம் ஆண்டில், தம் 83 ஆம் அகவையில் அமெரிக்கா சென்று, குடியரசுத் தலைவர் கென்னடியைக் கண்டு, அதே வேண்டுகோளை நேரில் விடுத்தார்.

எனினும், 1962 இல் நம்மொடு போரிட்ட சீனம், 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 16 இல் அணுகுண்டு வெடித்தது. 'நாமும் செய்வோமா?' என்னும் வினா நம் நாடாளுமன்றத்தில் எழுந்தது. 1968 ஆம் ஆண்டில் அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கை தோன்றியது. அஃது ஐந்து நாடுகளுக்கு மட்டும் அணுவாயுத உரிமை அளித்தது நடுநிலையன்று எனக் கூறி, இந்தியா அதில் ஒப்பமிடவில்லை. 1974 ஆம் ஆண்டு மே 18 இல் வெடித்ததை அரசு 'அமைதிப் பணிக்கானது' என்றது. 1998 இலோ, நாம் அணுவாயுத நாடு என வெளிப்படையாக அறிவித்தது. மாணவன் வினவிய வேறுபாடு இதுவே.

அவனிடம் இதனைக் கூறியபொழுது அவன், "இதை யார் முடிவு செய்தார்கள், ஐயா?" என்று மீண்டும் வினவினான். சோதனை நிகழும் வரை அம்முடிவை ஒரு சிலரே அறிந்திருந்தனர். பின்னர், மே 27 இல் பிரதமர் வாஜ்பாய் நாடாளுமன்றத்தில் அறிக்கை அளித்தார். 1999 ஆம் ஆண்டு ஆகஸ்டில், அணுவாயுதக் கொள்கையின் வரைவு ஒன்று மக்கள் ஆய்வதற்காகவே வெளியிடப்பட்டது. 2003 ஆம் ஆண்டு சனவரி 4 இல் அரசு தன் கொள்கையின் சுருக்கத்தை அறிவித்தது. அணுவாயுதத்தை நாம் முதலிற் பயன்படுத்துவதில்லை. நம்மீது பயன்படுத்துவார்க்குக் கடும் பதிலடி தரப்படும். ஆணையிடும் உரிமை மக்கள் தேர்ந்தெடுத்த தலைமைக்கே உண்டு என்பன அதன் கூறுகள். இரசாயன, உயிரியல் படைக்கலங்களால் பெருந்தாக்குதல் நேரின், அணுவாயுதத்தால் விடையளிக்கும் உரிமையையும் அது விட்டுவிடவில்லை. 2019 ஆம் ஆண்டில் பாதுகாப்பு அமைச்சர், 'முதலிற் பயன்படுத்தாமை' எதிர்காலத்தில் சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். ஆதலின், இவ்வழக்கு முடிந்துவிட்டதன்று.

இவ்வழக்கில் இரு பக்கத்தும் ஆராயத்தக்க கருத்துகள் உள்ளன. 1998 மே இறுதியில் பாகிஸ்தானும் அணுவெடிச் சோதனை செய்தது. மறு ஆண்டே கார்கில் போர் மூண்டது. 'அணுவாயுதம் போரைத் தடுக்கவில்லை' என்பார் ஒரு சாரார். 'அப்போர் பெரும்போராக வளராமல் தடுத்தது' என்பார் மற்றொரு சாரார். நிகழ்ச்சி ஒன்று, அதற்குக் கொள்ளும் பொருள் இரண்டு. இரண்டையும் செவிமடுத்து, எதற்குச் சான்று வலிது என ஆராய்தலே கற்றவர் கடன்.

ஆராயும் முறையையும் நம் முன்னோர் வகுத்துள்ளனர். புகார் நகரத்து இந்திர விழாவில் பல சமயத்தாரும் பட்டிமண்டபத்தில் வாதிட்டனர் என்று மணிமேகலை கூறும். பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளற்க என அங்கே முரசறைந்து அறிவிக்கப்பட்டது. ஆகவே, 'வேண்டும்' என்பாரைக் கொடியர் என்றும், 'வேண்டா' என்பாரை நாட்டன்பு இல்லார் என்றும் இகழ்தல் வாதம் ஆகாது. மாற்றாரின் கருத்தை அவரே ஒப்புமாறு எடுத்துரைத்த பின்னரே அதனை மறுத்தல் வேண்டும்.

மாணவர்களே! மன்னராட்சியில் போரும் அமைதியும் மன்னன் பொறுப்பாயின. குடியாட்சியில் அப்பொறுப்பு உங்கள் தோள்மேலும் உளது. 18 வயது நிரம்பியதும் நீங்கள் இடும் வாக்கு, அந்த ஆணையைத் தரும் தலைமையைத் தேர்ந்தெடுக்கும். ஒரு நகரை நொடிப்பொழுதில் அழிக்கவல்ல தீயைப் பற்றிக் கையொலிக்காகப் பேசாதீர்கள். படியுங்கள், வினவுங்கள், தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொள்ளுங்கள். கடைசி இருக்கை மாணவனின் வினா அன்று என்னைக் கற்கச் செய்தது. உங்கள் வினாக்கள் நாளை நாட்டைச் சிந்திக்கச் செய்க!