போனுக்குள் புத்தி வைக்கப் போகிறவளுக்கு

கண்ணு,

படிப்பு முடிந்ததும் செல்போனுக்குள் ஓடும் செயற்கை நுண்ணறிவு வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னாய். அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பெண் இதற்குக் கிளம்புவது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கே தெரியும். கணக்கையும் நிரலையும் உன் ஆசிரியர்கள் சொல்லித் தருவார்கள். இத்தொழிலில் தலை நரைத்தவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நான் சொல்கிறேன்.

1. போனுக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் சரியாகப் புரிந்துகொள். லட்சக்கணக்கான படங்களையும் ஒலிப்பதிவுகளையும் காட்டி மாடலைப் பழக்குவது எங்கோ இருக்கும் பெரிய கணினிக்கூடத்தில். அப்படிப் பழகித் திரண்ட எண்கள்தான் போனுக்கு வருகின்றன. அவற்றை வைத்துப் போன் விடையைக் கணிக்கிறது. 32 பிட் எண்களை 8 பிட்டாகச் சுருக்கினால் மாடல் கால்வாசி ஆகிவிடும். அதன் மொத்தத் துல்லியம் பெரிதாகக் குறையாது. அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதே. சுருக்கும்போது பெரும்பாலும் அடிபடுவது, பயிற்சியில் அரிதாக வந்த குரலும் முகமும்தான். சராசரியைப் பார்ப்பதற்கு முன்னால் விடுபட்டவர் யார் என்று பார்.

2. இயந்திரம் மனிதருக்கு வளைய வேண்டும். மனிதர் இயந்திரத்துக்கு வளையக் கூடாது. நம் அண்ணாமலையைச் சுற்றும் கிரிவலப் பாதையில் பூக்கட்டும் ஓர் அம்மா போனில் பேசிச் செய்தி அனுப்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கையெல்லாம் ஈரம், திரையைத் தொட முடியாது. “நாளைக்கு விடிகாலைல ரெண்டு கூடை எடுத்தாந்துடு” என்றார். போன் என்னவோ எழுதியது. மறுபடி மெதுவாகச் சொன்னார். மூன்றாவது முறை, செய்தி வாசிப்பவரைப் போல “எடுத்து வந்து விடு” என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னதும் அது சரியாக எழுதியது. அவர் கோபப்படவில்லை, தன் பேச்சுதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. பயிற்சிக்குக் கொடுத்த குரல்களில் அவரைப் போன்றவர்கள் இல்லை, அவ்வளவுதான் காரணம். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 22 இந்திய மொழிகளில், பல மாவட்டங்களின் சாதாரண மக்கள் இயல்பாகப் பேசுவதைப் பதிந்து பொதுவில் வைத்திருக்கிறது. அதைக் காது கொடுத்துக் கேள். நீயும் பதிவு செய்யப் போனால் பேசுகிறவர்களிடம் அனுமதி கேள். அவர்கள் நேரத்துக்குக் கூலி கொடு.

3. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் ஜனமாக நிற்கும்போது சிக்னல் திணறுவது உனக்குத் தெரியாததல்ல. கைக்குள்ளேயே கணிக்கும் மாடலின் அருமை அப்போதுதான் புரியும். 2018-இல் கூகுள் தன் மொழிபெயர்ப்பு மாடல்களை ஒரு மொழிக்கு 35 முதல் 45 எம்பி அளவுக்குச் சுருக்கி, இணையம் இல்லாமலே ஓட வைத்தது. அந்த 59 மொழிகளில் தமிழும் தெலுங்கும் உண்டு. ஆந்திராவிலிருந்து வந்து குழுவைத் தவறவிட்ட ஒரு பாட்டிக்கு அந்த நேரத்தில் தேவைப்படுவது இதுதான். (நம் ஊர்க் கடைக்காரர்கள் போன் இல்லாமலே தெலுங்கில் பேரம் பேசுவார்கள். எல்லாவற்றுக்கும் மாடல் வேண்டியதில்லை என்பதையும் நினைவில் வை.)

4. இல்லாததைக் காட்டாதே. இருட்டில் எடுக்கும் படத்துக்காகப் போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கும். அது நல்ல வித்தை. ஆனால் 2023 மார்ச்சில் ஒருவர், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்துச் சாம்சங் போனில் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளமும் மேடும் படத்தில் வந்தன. நிலாவை அடையாளம் கண்டு விவரங்களை மேம்படுத்துவதாக நிறுவனமும் விளக்கம் தந்தது. மலைக்கு மேல் எழும் பௌர்ணமியைப் படம் எடுக்கிறவர் தான் கண்டதைத்தான் எடுத்ததாக நம்புகிறார். மாடல் சேர்த்தது எது என்று அவருக்குத் தெரிவது அவர் உரிமை.

5. “தெரியவில்லை” என்று சொல்ல மாடலுக்குக் கற்றுக்கொடு. நிலக்கடலை இலையின் நோயைக் கண்டுபிடிக்க ஒன்று செய்கிறாய் என்று வை. பழகிய நோய்களுக்குள்ளேயே நூறு சதவீதத்தையும் பங்கு போடும்படி அதை அமைத்தால், செருப்பைக் காட்டினாலும் ‘டிக்கா இலைப்புள்ளி, 91 சதவீதம்’ என்று துணிந்து சொல்லிவிடும். அந்த 91-ஐ நம்பி ஒருவர் கடன் வாங்கி மருந்து அடிப்பார். தெரிந்ததைச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு; தெரியாததை ஒப்புக்கொள்கிறவனிடம்தான் ஊர் யோசனை கேட்கும்.

6. பிறர் போன் பிறர் வீடு. அங்கிருப்பதை வெளியே எடுக்காமல் அங்கேயே வேலை முடியுமா என்று பார். 2017-இல் கூகுள் தன் ஜிபோர்டு விசைப்பலகையில் அப்படி ஒரு வழியைச் சோதித்தது. தட்டச்சு செய்தவை போனிலேயே இருக்கும். மாடல் அங்கேயே கொஞ்சம் பழகும். எண்களில் நேர்ந்த மாற்றம் மட்டும் மறையாக்கப்பட்டு வெளியே போய், பலருடைய மாற்றங்களோடு கலக்கும். அதுவும் போன் சும்மா இருந்து, சார்ஜில் கிடந்து, வைஃபையில் இருக்கும்போது மட்டும். அதுகூட முழுக் காவல் இல்லை என்பதைப் படிக்கப் படிக்க அறிவாய். எடுக்காத தரவு திருடு போகாது.

7. முன்னால் நடந்தவர்களைத் தெரிந்து வைத்துக்கொள். கைப்பேசியில் தமிழை எழுதுவதே பெரும்பாடாக இருந்த 2005-இல் மலேசியாவின் முத்து நெடுமாறன், அதில் தமிழில் எழுத உதவும் செல்லினம் என்ற செயலியைக் கொண்டு வந்தார். அன்றைய போனுக்கு இன்றைய வேகத்தில் ஒரு துளிகூடக் கிடையாது.

8. 2017-இல் ஆப்பிள் ஐபோன் எக்ஸின் சில்லுக்குள், நொடிக்கு 60,000 கோடி கணக்குப் போடும் தனிப் பகுதியை வைத்தது. இன்றைய விலையுயர்ந்த போன்கள் அதையும் தாண்டிவிட்டன. உன் மேஜையில் அப்படி ஒன்றைத்தான் கொடுப்பார்கள். அதில் எல்லாம் ஓடும். நம் தெருவில் இருப்பதோ, திரை கீறி, நினைவகம் நிறைந்து, மாலைக்குள் சார்ஜ் இறங்கும் போன். அப்படி ஒன்றை எப்போதும் உன் பையில் வைத்திரு. அதில் சூடேறாமல் ஓடும் வரை எதையும் வெளியிடாதே.