ஆர்.சி. தொடக்கப் பள்ளியில் டீச்சர் வேலை: முதல் ஆண்டை எப்படி நடத்துவது?

தாளாளர் கையெழுத்திட்ட நியமன ஆணை கைக்கு வந்ததுமே வேலை நிலைத்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் பங்குக் கோவிலை ஒட்டி நிற்கும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப் பள்ளிகள் பலவும் அரசு உதவி பெறுபவை. ஆசிரியரை நியமிப்பது மறைமாவட்டம் அல்லது துறவற சபை. சம்பளம் கொடுப்பது அரசு. இரண்டுக்கும் நடுவே கல்வி அலுவலகத்தின் ஒப்புதல் இருக்கிறது. அது வரும்வரை சிலர் நிர்வாகம் தரும் சிறு தொகையில் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அதனால் சேரும் முன்பே தயங்காமல் கேளுங்கள்: இது அனுமதிக்கப்பட்ட பணியிடமா, யார் ஓய்வு பெற்ற இடம், இப்போது மாணவர் எண்ணிக்கை என்ன? முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது தொடக்க வகுப்புக் கணக்கு. எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் உபரியாகும். இதைக் கேட்பதால் தாளாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்காமல் சேர்ந்துவிட்டு இரண்டு ஆண்டு கழித்துக் கலங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

சேர்ந்தாயிற்று என்றால், இனி எல்லாம் வகுப்பறைதான். மற்ற வேலைகள் அத்தனையையும் வகுப்பறைக்குப் பயன்படும்படி திருப்பிக்கொள்கிற ஆசிரியர்தான் இந்தப் பள்ளிகளில் நன்றாக வருகிறார்.

காலையிலிருந்து தொடங்குவோம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 அன்று விரிவுபடுத்தப்பட்டது. தொடங்கிவைத்த இடமே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளிதான். நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26 அன்று மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் தொடங்கியது. உங்களுக்கு இதில் என்ன? பிள்ளைகள் முன்பைவிடச் சீக்கிரம் வருகிறார்கள், வயிறு நிறைந்து உட்காருகிறார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதற்கும் காலை வணக்கக் கூட்ட மணிக்கும் இடையே கிடைக்கிற கால்மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். வாசிப்பில் பின்தங்கிய இரண்டு மூன்று பிள்ளைகளை அப்போது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர் நடுவில் கிடைக்காத கவனம் அங்கே கிடைக்கும்.

அடுத்தது ‘எண்ணும் எழுத்தும்’. 2022 ஜூன் 13 அன்று தொடங்கிய இத்திட்டம் முதலில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு வந்தது, அடுத்த கல்வியாண்டில் 4, 5 வகுப்புகளுக்கும் நீண்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை வகுப்பால் அல்லாமல் கற்றல் நிலையால் பிரிக்கிறார்கள். இதற்கு முன்பே, 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலைப் பார்த்த மூத்த டீச்சர்கள் உங்கள் பள்ளியில் இருக்கக்கூடும். ஏணியும் அட்டைகளும் தரையோரக் கரும்பலகையும் அவர்களுக்குப் பழக்கம். அவர்களிடம் போய் உட்காருங்கள். பயிற்சி முகாமில் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

வாசிப்பில் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, யார் உண்மையில் படிக்கிறார், யார் மனப்பாடமாக ஒப்பிக்கிறார் என்பதைத்தான். ஒப்பிக்கிற பிள்ளை சத்தமாக, தடங்கலின்றி, விரலைக்கூட ஓட்டிக்கொண்டு சொல்லும். படத்தைக் கையால் மூடிவிட்டு மூன்றாவது வரியின் நடுச் சொல்லைத் தொட்டுக் காட்டுங்கள். பிள்ளை முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தால் விஷயம் தெரிந்துவிடும். அதட்ட வேண்டாம். இவ்வளவு நினைவில் வைத்திருக்கிற பிள்ளைக்கு எழுத்து வருவது கடினமில்லை.

பெரும்பாலும் தடுக்குகிற இடம் ‘கொ’ வரிசை. க தெரியும், கா தெரியும், கெ தெரியும். ‘கொக்கு’ என்று எழுதியிருந்தால் ‘கெ’ என்று தொடங்கி, பின்னால் வருகிற காலைப் பார்த்ததும் நின்றுவிடும். கண் இடமிருந்து வலமாகப் போகிறது, ஒலியோ மூன்று குறிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிறக்கிறது. காலண்டர் அட்டையை வெட்டி ஒற்றைக் கொம்பு ஒரு துண்டு, க ஒரு துண்டு, கால் ஒரு துண்டு என்று செய்துகொள்ளுங்கள். பிள்ளையே துண்டுகளை நகர்த்தி இரண்டு பக்கமும் சேர்க்கட்டும், சேர்ந்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும் என்பது விதி. க-வை எடுத்துவிட்டு அதே இடத்தில் ப, ம, த வையுங்கள். பொ, மொ, தொ தானாக வரும். ஒரு வாரம் தினமும் பத்து நிமிடம் போதும். பிறகு இரட்டைக் கொம்புக்குப் போகலாம்.

ஆங்கில வாசிப்பு எப்போது என்று பெற்றோர் கேட்பார்கள், நிர்வாகமும் கேட்கும். தமிழ் வாசிப்பு நிலைபெற்ற பிள்ளைக்கு ஆங்கிலம் விரைவில் பிடிபடும் என்று உறுதியாகச் சொல்லுங்கள். கத்தோலிக்கப் பள்ளி மரபே உங்கள் பக்கம் இருக்கிறது. ஆசிரியர்களின் பாதுகாவலர் என்று 1950-இல் திருத்தந்தை அறிவித்த புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால், 17-ஆம் நூற்றாண்டு பிரான்சில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலத்தீனில் தொடங்குவதை விட்டுத் தாய்மொழியில் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர்.

கணக்கில் கடன் வாங்கிக் கழித்தல்தான் முதல் சோதனை. 52-இலிருந்து 27 போனால் எவ்வளவு என்றால் பலரும் 35 என்று எழுதுவார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறார்கள். விதியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பயனில்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுங்கள்: ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஏழு குச்சி கேளுங்கள். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும், பிறகு தானே ஒரு கட்டைப் பிரிக்கும். பன்னிரண்டில் ஏழு போய் ஐந்து, மீதி நாலு கட்டில் இரண்டு போய் இரண்டு. அந்த ரப்பர் பேண்டைத் தன் கையால் கழற்றிய பிள்ளை பிறகு 35 என்று எழுதுவது அரிது.

இனி, ஆர்.சி. பள்ளிக்கே உரிய வேலை. வாரத்தில் சில பாடவேளைகளில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போவார்கள், மற்றவர்கள் நன்னெறி வகுப்பில் இருப்பார்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சமயப் போதனையில் உட்கார வைக்கக் கூடாது. அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு அது. பள்ளி நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினருக்குத் தருகிற 30-ஆம் பிரிவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து மதித்துத்தான் நல்ல ஆர்.சி. பள்ளிகள் பல தலைமுறையாக எல்லாச் சமயப் பிள்ளைகளையும் வளர்த்திருக்கின்றன.

பிரிக்கிற விதத்தில் கவனம் வேண்டும். ‘இந்துப் பிள்ளைங்க எந்திரிங்க’ என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். ஆறு வயதில் தன்னைப் பிரித்து நிறுத்தியது பிள்ளைக்கு மறக்காது. ‘மறைக்கல்விக்குப் போறவங்க சிஸ்டர்கிட்ட போங்க, மத்தவங்க என்கிட்ட வாங்க’ என்றால் முடிந்தது. நன்னெறி வகுப்பை மிச்சம் மீதிப் பிள்ளைகளை அடைத்துவைக்கிற நேரமாக ஆக்கிவிடாதீர்கள். நான் பார்த்தவரை பல பள்ளிகளில் மிகவும் வீணாகிற நேரம் இதுதான். கதை சொல்லுங்கள். கதையைப் பாதியில் நிறுத்தி, நீ அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். கீழே கிடந்த பென்சில் யாருடையது, தோற்ற அணியிடம் என்ன சொல்லலாம், பக்கத்து இலையில் இருப்பவனுக்கு முட்டை வராவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இதில் பேசுவதைக் கேட்டால் வியப்பாக இருக்கும்.

முதல் வெள்ளி திருப்பலிக்குப் பாதி வகுப்பு கோவிலுக்குப் போகிற நாளில் புதுப் பாடம் எடுக்காதீர்கள். திரும்பி வருகிற பிள்ளைகள் தவறவிட்டுவிடுவார்கள், அவர்களுக்காக மறுபடி நடத்தினால் இருந்தவர்கள் சலித்துப்போவார்கள். அதைப் புத்தகம் படிக்கிற நேரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விழாக்களையும் இப்படியே பாருங்கள். ஜூலை 15 காமராசர் பிறந்தநாள், பாதுகாவலர் விழா, குழந்தைகள் தினம், கிறிஸ்துமஸ் என்று நாட்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். நடனப் பயிற்சிக்கென்று இரண்டு வாரம் பாடத்தை நிறுத்துகிற வழக்கத்தை நான் ஏற்கவில்லை. பத்துப் பேர் ஆடுவதற்கு முப்பது பேர் சும்மா இருக்க வேண்டியதில்லை. டிசம்பரில் குடில் கட்டுகிறீர்களா? வைக்கோல் கூரைக்கு எத்தனை சாண், எத்தனை சென்டிமீட்டர் என்று நாலாம் வகுப்பு அளக்கட்டும். களிமண்ணில் ஆடு மாடு செய்வது இரண்டாம் வகுப்பின் படைப்புக் களம். பெற்றோருக்கு அழைப்புக் கடிதம் எழுதுவது ஐந்தாம் வகுப்பின் தமிழ்ப் பாடம். ஆடு செய்கிற பிள்ளை எந்தச் சமயமானாலும் கை மண்ணாகும், முகம் மலரும். வேடம் போடுவதற்கு மட்டும் வீட்டில் கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

ஒரு நடைமுறைச் செய்தி. ஞாயிறு மறைக்கல்விக்கும் கோவில் விழாவுக்கும் டீச்சர் உதவ வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கும். எந்தெந்த ஞாயிறு, எவ்வளவு நேரம் என்பதை ஜூனிலேயே தலைமையாசிரியையிடம் பேசி முடிவு செய்யுங்கள். முடியாததை முதலிலேயே பணிவாகச் சொன்னால் யாரும் தவறாக நினைப்பதில்லை. டிசம்பரில் சொன்னால்தான் மனத்தாங்கல்.

பதிவேடுகளைத் தேக்காதீர்கள். செயலியில் வருகைப் பதிவு, பாடக்குறிப்பு, பயிற்சித்தாள் திருத்தம் மூன்றும் அன்றன்றே முடிய வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலர் வந்தால் பார்ப்பதும் இவற்றைத்தான்.

பிரம்பை எடுக்காதீர்கள். ‘அடிச்சாவது படிக்க வைங்க’ என்று தாயே சொன்னாலும் எடுக்காதீர்கள். பிள்ளையின் உடம்பிலோ பேச்சிலோ துன்புறுத்தலின் அறிகுறி தெரிந்தால் தலைமையாசிரியையிடம் சொல்வதோடு கடமை முடிந்துவிடாது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவர் மேலும் உள்ள பொறுப்பு. 1098 எண்ணைப் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள். பள்ளியின் நற்பெயரைக் காக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் பிள்ளைதான் முக்கியம்.

ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றிப் பலரும் குழம்பியிருக்கிறார்கள். அந்தத் தேர்வுக்கு அடிப்படையான கட்டாயக் கல்விச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பர் 1 அன்று வந்த தீர்ப்பு, மற்றப் பள்ளிகளில் பணியில் இருப்பவர்களுக்கும் தேர்வைக் கட்டாயமாக்கி, சிறுபான்மைப் பள்ளிகள் குறித்த கேள்வியைப் பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியது. நான் சொல்வது ஒன்றே: காத்திருக்காமல் முதல் தாளை எழுதித் தேறிவிடுங்கள். ஐந்து பகுதிகளில் பகுதிக்கு முப்பது வீதம் 150 கேள்விகள். குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் எல்லாமே நீங்கள் தினமும் கையாள்கிற பாடங்கள். தேறிவிட்டால் தீர்ப்பு எப்படி வந்தாலும் கவலையில்லை, பள்ளி மாற நினைத்தாலும் கைகொடுக்கும்.

கடைசியாக, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் உறை போட்டு வையுங்கள். ஜூனில் எழுதிய ஒரு தாள், பருவ இறுதிக்கு ஒன்று, எந்த எழுத்தில் தடுக்கியது, எப்போது சரியானது என்று உங்கள் கையால் இரண்டு வரி. சிஸ்டர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் வரும், பங்குத் தந்தையும் மாறுவார். புதிதாக வருகிற தலைமையாசிரியைக்கு எந்தப் பிள்ளையையும் தெரியாது. அன்று அவர் முன்னால் நீங்கள் அந்த உறைகளைத்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும்.