ஏழைக் குடும்பத்தின் அடுப்பும் நஞ்சில்லா உணவும்



முந்தல் சந்தையிலோ புத்தளம் பட்டணத்துக் கடையிலோ 'இயற்கை முறையில் விளைந்தது' என்று அட்டை தொங்கும் காய்கறியைக் கண்டதும் நம் தாய்மாருக்கு இரண்டு வேதனைகள் ஒருங்கே எழுகின்றன. விலையைக் கேட்டால் கை பின்வாங்குகிறது. பக்கத்துக் கூடையிலுள்ள மலிவான கத்தரிக்காயை எடுத்தாலோ, 'பிள்ளைகளுக்கு நஞ்சையா ஊட்டுகிறேன்?' என்று மனம் குத்துகிறது. களப்பு மீனையும் தென்னந்தோட்டத்து நாட்கூலியையும் நம்பி வாழும் குடும்பத்திற்கு இது சிறிய கேள்வியன்று. அனுதின உணவுக்காக நாள்தோறும் செபிக்கும் நாம், இதனைக் குடும்ப வாழ்வின் பாடமாகவே எடுத்துச் சிந்திப்பது தகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். அட்டைக்காகத் தட்டைச் சுருக்க வேண்டாம். சாதாரணக் காய்கறியைக் கழுவிச் சமைத்து நிறைவாக உண்ணும் பிள்ளை, 'இயற்கை'க் காய்கறியின் விலைக்கு அஞ்சி வெறும் சோறும் சொதியும் உண்ணும் பிள்ளையைவிட நன்றாகவே வளரும். ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுவதும், கோவாவின் வெளியிலைகளைக் களைவதும், தோல் சீவுவதும் மேலே படிந்த மருந்தைக் கணிசமாகக் குறைக்கும். செடியின் உள்ளே ஊறிய மருந்தை அவை நீக்கமாட்டா என்பதும் உண்மையே. அது, மருந்தடித்தபின் போத்தலில் குறித்துள்ள நாட்கள் கழியும்வரை அறுவடைக்குப் பொறுத்திருக்கும் தோட்டக்காரனின் மனச்சாட்சியைப் பொறுத்தது. நம்மிலும் தோட்டம் செய்வோர் இருக்கிறார்கள். நாளை விலை விழும் என்று இன்றே பிடுங்கி அனுப்புவது ஐந்தாம் கட்டளைக்கு உட்பட்ட காரியம் அல்லவா?

நச்சு மருந்தை ஒரே நாளில் ஒழித்துவிடலாம் என்ற எண்ணத்தின் விளைவையும் நாம் கண்டோம். 2021 மே மாதத்தில் அரசு இரசாயன உரம், கிருமிநாசினி ஆகியவற்றின் இறக்குமதியைத் தடைசெய்தது. போதிய சேதனப் பசளையும் இல்லை, பயிற்சியும் இல்லை. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாயிற்று. நல்ல நோக்கமாயினும் ஆயத்தமின்றிச் செய்தால் அதன் சுமை ஏழையின் சட்டியில்தான் விழுகிறது.

ஆயினும் நோக்கத்தையே தள்ளிவிடலாகாது. தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்திற்குப் போகும்போது கற்பிட்டித் தீபகற்பத்தின் பசுமையான தோட்டங்களைக் கண்டு மகிழாதவர் யார்? அந்த மணலில் உரம் நிற்காது. இட்டதில் ஒரு பகுதி நீரோடு கீழே இறங்கி நிலத்தடி நீரில் கலக்கிறது. செறிந்த பயிர்ச்செய்கையுள்ள அப்பகுதிக் கிணறுகள் பலவற்றில், லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையைத் தாண்டி நைத்திரேற்று இருப்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். முந்தலும் மணற்பாங்கான ஊரே. தாய்மார் இதனைக் கவனிக்க வேண்டும்: நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டார் கிணற்று நீரைப் பரிசோதிக்கும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்கலாம். முதல் ஆறு மாதமும் தாய்ப்பாலே ஊட்டப்படும் குழந்தைக்கு இந்த அச்சம் இல்லை. காசில்லாமல் கிடைக்கும் முதல் நஞ்சில்லா உணவு அதுதான்.

பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடல், உரங்களும் கிருமிநாசினிகளும் களைகொல்லிகளும் விளைவிக்கும் மாசினை 20ஆம் பத்தியிலேயே சுட்டுகிறது. ஆனால் 129ஆம் பத்தியும் படிக்கத்தக்கது. உலக மக்களில் பெரும்பாலோருக்கு உணவளிப்பது சிறிய நிலங்களும், வீட்டுத் தோட்டங்களும், வேட்டையும், உள்ளூர் மீன்பிடியும் என்று அங்கே காண்கிறோம். களப்புக்கும் கடலுக்கும் நடுவே வாழும் நமக்கு இது அந்நியச் செய்தியா?

நம் வட்டாரத்தில் எவரும் மருந்தடிக்காத உணவு எது என்று பாருங்கள். உடப்புக் கரையில் இறங்கும் சாளை, சூடை, நெத்தலி. முள்ளோடு உண்ணக்கூடிய சிறுமீன் பெரிய மீனைவிட மலிவு. பிள்ளைகளின் எலும்புக்கு வேண்டிய கல்சியமும் அதில்தான் மிகுதி. விலை ஏறினாலும் தேங்காய் நம் ஊர்ப் பொருள். மரவள்ளி, வத்தாளை, ஈரப்பலா, பலா, வாழைக்காய், பூசணி ஆகியவற்றைக் கோவா, போஞ்சி, கறிமிளகாய் போல அடிக்கடி மருந்தால் நனைப்பாரில்லை, தோலும் தடிப்பு. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தில் சிறைப்பட்ட பாணந்துறை ஆதர் வி. டயஸ், பின்னர் நாடெங்கும் பலாக் கன்று நடும் இயக்கத்தை நடத்தியதால் 'கொஸ் மாமா' என்றே பெயர்பெற்றார். பஞ்சம் வந்தால் பலா கைகொடுக்கும் என்பது அவர் கணக்கு. எழுபதுகளின் தட்டுப்பாட்டில் மரவள்ளி தின்ற தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ கிழங்கை வறியவரின் உணவென்று ஒதுக்கிவிட்டு, ரின்மீனுக்கும் சோயாவுக்கும் காசு தேடுகிறார்கள்.

அரிசியிலும் அப்படியே. பச்சைப்பெருமாள், சுவந்தல் போன்ற பாரம்பரிய அரிசிகள் நல்லவை. ஆனால் அழகிய பொதியில் அவற்றின் விலை நமக்கு எட்டாது. தவிடு முழுவதும் நீக்காத சாதாரணச் சிவப்பரிசி போதும். மிஞ்சும் காசுக்குப் பயறோ கௌப்பியோ வாங்குங்கள்.

இனி வளவுக்கு வருவோம். எரேமியா 29ஆம் அதிகாரத்தில், பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டோருக்கு இறைவாக்கினர் எழுதிய மடலைப் பாருங்கள். வீடு கட்டுங்கள், தோட்டமிட்டு அதன் பலனை உண்ணுங்கள் என்கிறார். சொந்த நிலமிழந்து, மனம் நொந்திருந்தவர்களுக்குச் சொன்னது அது. 'நம் மணலில் என்ன முளைக்கும்?' என்று கேட்பவர்கள் கிணற்றடியைப் பார்க்கட்டும். குளித்த நீர் பாயும் இடத்தில் வாழை நிற்கிறது. பொன்னாங்காணியும் வல்லாரையும் அங்கே தாமாகவே படரும். மணலில் நீர் தங்கத் தென்னந்தோட்டங்களில் கையாளும் வழி நமக்கும் உதவும். முழங்கால் ஆழக் குழியில் தேங்காய்ப் பொச்சை அடுக்கி மண்ணிட்டு, அதன்மேல் கத்தரியோ பயற்றங்காயோ நட்டால், பொச்சு நீரை உறிஞ்சி வைத்திருக்கும். வேலியிலுள்ள கிளிரிசீடியாவின் தழை சிறந்த பசளை. ஆட்டெருவை மக்கவைத்தே இடுங்கள். கிணற்றின் ஓரத்தில் குவிக்காதீர்கள். அளவு மீறினால் எருவிலிருந்தும் நைத்திரேற்று இறங்கும். சேதனப் பசளை என்பதால் கிணறு தப்பாது.

முருங்கையைப்பற்றித் தனியே ஒரு வார்த்தை. இரும்பும் கல்சியமும் விற்றமின் ஏ-க்கு வேண்டிய சத்தும் நிறைந்த இந்த மரத்தை, மயிர்க்கொட்டி வருகிறதென்று வெட்டி எறிகிறார்கள்! அது கூட்டமாக அடிமரத்தில் ஒட்டியிருக்கும் நேரத்தில் தீப்பந்தத்தால் பொசுக்கிவிட்டால் வேலை முடிந்தது. கிருமிநாசினி தெளித்தால் இலையும் நஞ்சாகும். வாரம் மூன்று நாள் முருங்கையிலைச் சுண்டலோ சொதியோ செய்யும் வீட்டில் கீரைக் கட்டுக்குக் காசு போகாது. கன்றும் வாங்க வேண்டியதில்லை. அயல் வீட்டில் கிளை வெட்டும் நாளில், கைத்தடிப் பருமனில் ஆளுயரத் தடி ஒன்று கேட்டு வாங்கி, இரண்டொரு நாள் நிழலில் காயவிட்டு, ஐப்பசி மழைக்கு முன் வேலியோரம் ஒன்றரை அடி ஆழத்தில் நட்டு, மண்ணை நன்றாக மிதித்துவிடுங்கள்.