விரைவுச் சாலையில் நெரிசலும் நுழைவுக் கட்டுப்பாடும்

சாலைக்குள் எத்தனை வண்டிகள் நுழைகின்றனவோ அத்தனையும் தடையின்றி வெளியேறும் என்று கருதுவது இயல்பு. விரைவுச் சாலைகளில் இக்கருத்து ஓர் எல்லை வரையில்தான் பொருந்தும்.

ஒரு தடத்தை மணிக்கு எத்தனை வண்டிகள் கடக்கும் என்பதை, கிலோமீட்டருக்குள்ள வண்டிகளின் எண்ணிக்கையை வேகத்தால் பெருக்கி அறியலாம். உதாரணமாக, கிலோமீட்டருக்கு 25 வண்டிகள் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 2,000 வண்டிகள் கடக்கும். அடர்த்தி 60 ஆக மிகுந்து, வேகம் 25 ஆகக் குறைந்தால் 1,500 வண்டிகளே கடக்கும். அதாவது, சாலை நிறைந்திருக்கும், பயனோ குறைந்துவிடும்.

ஆகவே, அடர்த்தி எல்லை மீறுமுன் நுழைவை நிதானப்படுத்த வேண்டும். 1963-இல் சிகாகோ நகரின் ஐசனோவர் விரைவுச் சாலையில் காவலர் ஒருவர் இணைப்புப் பாதையில் நின்று வண்டிகளை ஒவ்வொன்றாக அனுப்பினார். பின்னர் அப்பணியைச் சைகை விளக்குகள் ஏற்றன. 1991-இல் பாபகெயோர்கியூவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ‘அலினியா’ என்னும் முறையில், இணைப்புக்கு அப்பால் சாலையில் பதித்த கருவி, தன்மீது வண்டிகள் நிற்கும் நேர விகிதத்தை அளக்கிறது. அது குறித்த அளவை மீறினால் அனுமதிக்கும் வண்டிகள் குறைக்கப்படும், குறைந்தால் கூட்டப்படும்.

ஆயினும், இணைப்புப் பாதையில் காத்திருப்போரின் குறையும் நியாயமானதே. ஐக்கிய அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் இக்குறை வலுத்தது. எனவே, 2000-ஆம் ஆண்டின் இறுதியில் மினியாப்பொலிஸ், செயின்ட் பால் நகரப் பகுதியில் சுமார் 430 விளக்குகள் சில வாரங்கள் நிறுத்தப்பட்டன. அப்போது விரைவுச் சாலைகளில் சென்ற வண்டிகள் 9 சதவீதம் குறைந்தன. பயண நேரம் 22 சதவீதமும், விபத்துக்கள் 26 சதவீதமும் மிகுந்தன. விளக்குகள் மீண்டும் இயங்கத் தொடங்கின. ஆனால், சாதாரண இணைப்புப் பாதையில் எவரும் 4 நிமிடங்களுக்கு மேல் காத்திருக்கலாகாது என்ற வரம்பும் சேர்ந்தது.

சாலையின் மொத்தப் பயனும், காத்திருப்போரின் பொறுமையும் ஒருங்கே கணக்கில் வரும்போதுதான் கட்டுப்பாடு சிறந்ததாகும்.

வகுப்பறைச் சோதனை: ஒரு புனலில் ஒரு கிண்ணம் அரிசியை ஒரேயடியாகக் கொட்டுக. பின், அதே அளவு அரிசியைச் சீராகச் சிறிது சிறிதாக ஊற்றுக. இரு முறையும் ஆகும் நேரத்தை மாணவர்கள் குறித்து, வேற்றுமைக்குக் காரணம் கூறுவார்களாக.