காஞ்சியும் இருமலும்

சாணக்யபுரியில் ஒரு குளிர்காலக் காலை. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அக்கா, "காஞ்சி குடி" என்றார். நம் ஊர்க் கஞ்சி என்று நினைத்தேன். கொடுத்ததோ கருஞ்சிவப்புத் தண்ணீர்! கறுப்பு கேரட், கடுகுத்தூள், உப்பு, தண்ணீர். சில நாள் வெயிலில் வைத்தால் புளித்துவிடும். நம் நீராகாரமும் இப்படிப் புளிப்பதுதானே? கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகளின் வேலை அது.

அவர் கணவருக்கு மூன்று வாரமாக இருமல். "காஞ்சியே மருந்து" என்றார் அக்கா.

இல்லை. நல்ல கிருமிகள் சளி பிடிப்பதைக் கொஞ்சம் குறைக்கலாம். 2022-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொன்னது அவ்வளவுதான். டில்லிப் புகை நெஞ்சுக்குச் செய்யும் கெடுதலைக் காஞ்சி ஆற்றாது. காசநோயையும் தீர்க்காது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் காசநோய்ச் சோதனையும் மருந்தும் இலவசம்.

நாளைக் காலை அவரோடு நானும் போகிறேன்.